15 வயதுப் பையனை ஜிம்முக்கு அனுப்பலாமா?

பெரம்பூரிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "பையனுக்கு 15 வயசு, பத்தாவது படிக்கிறான். மூணு மாசமா ஜிம்முக்குப் போகணும்னு ஒரே அடம். கூடவே புரோட்டீன் பவுடர் டப்பா வேணுமாம், 3,000 ரூபாய். இந்த வயசுல ஜிம்முக்குப் போனா வளர்த்தி நின்னுடும்னு மாமியார் சொல்றாங்க. எங்க வீட்டுக்காரர் பரீட்சை முடியட்டும்னு சொல்லிட்டார். ஆள் ரொம்ப ஒல்லி. ஸ்கூல்ல ஓமக்குச்சின்னு கூப்பிடுறாங்களாம். நான் என்னதான் செய்யறது?"

நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்துவிட்டு 24 வருஷம் சென்னைப் பள்ளிகளில் பி.டி. வாத்தியாராக இருந்தவன் நான். இதே கேள்வியைப் பள்ளி வாசலில் நின்று கேட்ட பெற்றோர் எத்தனையோ பேர். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: ஜிம்முக்கு அனுப்பலாம். டப்பா வேண்டாம். ஆனால் நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது, அது இந்த இரண்டையும்விடப் பெரியது. பையன் ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குகிறான்? அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் மாமியார் சொன்னது. பிள்ளைகளின் நீண்ட எலும்புகளின் முனையில் வளர்ச்சித் தட்டு என்று ஒரு மெல்லிய குருத்தெலும்புப் பகுதி உண்டு. எலும்பு நீள்வது அங்கேதான். பெண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 14, 15 வயதிலும், பையன்களுக்கு 16, 17 வாக்கிலும் அது இறுகி மூடிக்கொள்ளும். அந்த இடத்தில் பலமாக அடிபட்டால் வளர்ச்சி பாதிக்கலாம் என்பது உண்மை. ஆனால் அந்த அடி சைக்கிளிலிருந்து விழுந்தாலும் படலாம், கால்பந்து ஆடினாலும் படலாம். அதற்காக யாரும் பிள்ளையிடமிருந்து சைக்கிளைப் பிடுங்குவதில்லை. பக்கத்தில் ஒருவர் நின்று கவனிக்க, அளவான எடையில், முறையாகச் செய்கிற பயிற்சியால் உயரம் குறைவதில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கமும் இதையே சொல்கிறது. கம்பியில் தொங்கினால் உயரமாகலாம் என்பதும் இதே ரகக் கதைதான், மறுபக்கத்திலிருந்து. தொங்கினால் கைப்பிடி பலமாகும், அவ்வளவுதான். உயரத்தைப் பெரும்பாலும் முடிவு செய்வது பரம்பரை. அதற்குப் பிறகு சாப்பாடும் தூக்கமும்.

ஆனாலும் மாமியார் பேச்சை முழுக்கத் தள்ளிவிடாதீர்கள். வளர்ச்சியை நிஜமாகவே நிறுத்தக்கூடிய ஒன்று சில ஜிம்களில் புழங்குகிறது: ஸ்டீராய்டு. "ஒரு ஊசி, ரெண்டே மாசம், ஆர்ம்ஸ் எப்படி வருது பாரு" என்று யாராவது காதில் ஓதினால், அது அந்த வளர்ச்சித் தட்டைக் காலத்துக்கு முன்பே மூடிவிடக்கூடிய சரக்கு. இதைப் பையனிடம் மறைக்காமல், மிரட்டாமல் சொல்லிவையுங்கள். உயரமாக வேண்டும் என்ற ஆசை இருக்கிற வயது, கேட்டுக்கொள்வான்.

ஜிம்மைத் தேர்ந்தெடுப்பது எப்படி? மெஷின்களை எண்ணாதீர்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு, கூட்டம் நெரிகிற நேரத்தில், நீங்களோ அப்பாவோ போய் ஓரமாகப் பதினைந்து நிமிஷம் நில்லுங்கள். மாஸ்டர் எங்கே இருக்கிறார், புதிதாக வந்த பையன் பக்கத்திலா, கண்ணாடி முன்னாலா? இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். எனக்குப் 17 வயதில் எங்கள் தெருமுனையில் ஒரு ஜிம் இருந்தது, தகரக் கூரை. மாஸ்டர் டீ குடிக்கப் போயிருந்த நேரம், கூட்டாளிகள் முன்னால் வீரம் காட்ட, தரையில் கிடந்த கம்பியை முதுகை வளைத்துத் தூக்கினேன். 'சொடக்'கென்று ஒரு சத்தம், எனக்கு மட்டும் கேட்டது. இரண்டு வாரம் குனிந்து ஷூ லேஸ் கட்ட முடியவில்லை, தங்கச்சிதான் கட்டிவிட்டாள். தப்பு எடையில் இல்லை. எடை கால் பலத்தில் ஏற வேண்டும், நான் இடுப்பால் இழுத்தேன். சொல்ல ஆள் இல்லை.

அதனால் முதல் இரண்டு மாதம் உங்கள் வீட்டு மொட்டை மாடியே போதும் என்பது என் அபிப்பிராயம். தண்டாலும் பஸ்கியும் நம் ஊர்ச் சரக்கு. புஷ்-அப், ஸ்குவாட் என்று பெயர் மாறி வந்ததும் காசு கொடுத்துக் கற்றுக்கொள்கிறோம். ஒல்லிப் பையனால் தரையில் முதல் நாளே தண்டால் எடுக்க முடியாது. இரண்டு எடுத்துவிட்டு மூன்றாவதில் வயிறு தொங்கும், வெட்கப்பட்டு நிறுத்திவிடுவான். மாடிக் கைப்பிடிச் சுவர் உறுதியாக, மார்பு உயரத்துக்கு இருந்தால் அதில் கை ஊன்றி, உடம்பைச் சாய்த்து எடுக்கச் சொல்லுங்கள். குதிகாலிலிருந்து கழுத்து வரை ஒரே பலகை மாதிரி இருக்க வேண்டும். அப்படி 12 சுலபமாக வந்ததும் மாடிப்படியின் மூன்றாவது படியில் கை. பிறகு முதல் படி. பிறகு தரை. பஸ்கிக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் போட்டு, அதில் உட்காரப்போய் உட்காராமல் எழ வேண்டும், குதிகால் தரையை விட்டுக் கிளம்பக் கூடாது. ஒவ்வொன்றும் 8 முதல் 12 வரை, மூன்று சுற்று, வாரத்தில் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். சதை பயிற்சியின்போது வளர்வதில்லை, விட்ட நாளில்தான் வளர்கிறது. இதைப் பையன்களை நம்ப வைப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிடும்.

மாநகராட்சிப் பூங்காக்களில் திறந்தவெளி ஜிம் போட்டிருக்கிறார்களே என்பீர்கள். கம்பி இருந்தால் தொங்கலாம், ஏறலாம், நல்லது. அந்தச் சுழல் தட்டில் நின்று இடுப்பை ஆட்டுவது மட்டும் 15 வயதுக்குப் பயிற்சி ஆகாது. அது தாத்தாக்கள் அரசியல் பேச வசதியான இடம், அவர்களுக்கே விட்டுவிடலாம்.

இப்போது கணக்கு. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் தினமும் சராசரியாக ஒரு மணி நேரம் மூச்சு வாங்கும்படி உடம்பை அசைக்க வேண்டும், அதில் வாரம் மூன்று நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வலு சேர்க்கிற வேலை இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உலகம் முழுக்க 11 முதல் 17 வயதுக்காரர்களில் 100க்கு 81 பேர் அந்த அளவைத் தொடுவதில்லை என்பதும் அவர்கள் கணக்குத்தான். எனக்கு அந்த 81ஐவிட ஒரு தாள் ஞாபகத்தில் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு வெள்ளைத் தாள் கொடுத்து, நேற்று எழுந்ததிலிருந்து படுத்தது வரை என்ன செய்தாய், உட்கார்ந்தா, நின்றா, நடந்தா என்று எழுதச் சொல்வேன். ஒரு பையன் எழுதினான்: வேன், உட்கார்ந்து. கிளாஸ், உட்கார்ந்து. வேன், உட்கார்ந்து. டியூஷன், உட்கார்ந்து. சாப்பாடு, டிவி, போன், எல்லாம் உட்கார்ந்து. கூட்டிப் பார்த்தால் 13 மணி நேரம். 'நடந்தது' என்று போட்டு எதிரே ஒரே வரி: "கேட்டிலிருந்து வேன் வரைக்கும் சார்." விளையாட்டுப் பீரியட் எங்கேடா என்றேன். "மேத்ஸ் மிஸ் வாங்கிட்டாங்க சார்." அந்தப் பீரியட் என்னுடையது. கேட்டு வாங்கத் தைரியமில்லாமல் கொடுத்தவனும் நான்தான்.

உங்கள் பையனையும் ஒரு நாள் எழுதச் சொல்லுங்கள். ஒரு மணி நேரத்தை ஒரே மூச்சில் தேட வேண்டியதில்லை. ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி விறுவிறுவென்று நடந்தால் பத்து நிமிஷம். கடைக்கு பைக்கில் அனுப்பாமல் சைக்கிளில் அனுப்புங்கள் (15 வயதில் பைக்கில் அனுப்புவதே தப்பு, அது வேறு கதை). மீதிக்கு விளையாட்டு. பெரம்பூரிலிருந்து கூப்பிடு தூரத்தில் வியாசர்பாடி. அங்கே பிள்ளைகள் பால் குடிக்கும்போதே பந்து உதைக்கிறார்கள். வட சென்னைக்குக் குத்துச்சண்டையும் கேரமும் குலதெய்வம் மாதிரி. கேரம் உட்கார்ந்து ஆடுவது, அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வாங்கியது. அதில் ஆடிய கார்த்திகா நம் கண்ணகி நகர்ப் பெண். ஜிம்முக்கு ஆசைப்படுகிற பையனை ஒரு கபடி அணியில் சேர்த்துப் பாருங்கள். அவன் கேட்கிற தோளும் தொடையும் தானாக வரும், ஓமக்குச்சி என்று கூப்பிட்டவனைப் பிடித்து உட்கார வைக்கிற வாய்ப்பும் கிடைக்கும்.

வெயிலைச் சொல்லாமல் சென்னையில் உடற்பயிற்சி பேச முடியாது. நம் ஊரில் சூட்டைவிடப் புழுக்கம் மோசம். வியர்வை வழிந்தால் உடம்பு குளிராது, காய்ந்தால்தான் குளிரும். கடற்கரைக் காற்றின் ஈரத்தில் அது காய்வதே இல்லை. அதனால் கத்திரி வெயிலில் காலை ஏழரைக்குள் முடிப்பது, இல்லையென்றால் சாயங்காலம் ஐந்துக்கு மேல். தண்ணீர் போதுமா என்று அறிய வழி கழிவறையில் இருக்கிறது: சிறுநீர் எலுமிச்சை ஜூஸ் நிறத்தில் இருந்தால் சரி, நன்னாரி சர்பத் நிறத்துக்குப் போனால் குடித்தது போதாது. உப்புப் போட்ட நீர்மோரைவிட நல்ல விளையாட்டுப் பானம் எனக்குத் தெரியவில்லை. தலை சுற்றி, பேச்சு குழறினால் மட்டும் நேரம் கடத்தாதீர்கள். நிழலுக்குத் தூக்கி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே 108க்குப் போன் செய்யுங்கள்.

பயிற்சிக்கு முன்னால் எனர்ஜி டிரிங்க் குடிக்கிற பழக்கம் பையன்களிடம் வந்திருக்கிறது. அந்த டின்னைத் திருப்பி, பொடி எழுத்தைப் படிக்கச் சொல்லுங்கள். குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படவில்லை என்று அதிலேயே போட்டிருக்கும், போட்டாக வேண்டும் என்பது சட்டம். சாதாரணக் கோலாவும் 300 மில்லியில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை, அதாவது ஆறு டீஸ்பூனுக்குக் குறையாது. வீட்டில் ஒரு டம்ளர் காபிக்கு ஆறு ஸ்பூன் போட்டால் நீங்களே கையைப் பிடிப்பீர்கள்.

டப்பா விஷயம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 கணக்குப்படி 13 முதல் 15 வயதுப் பையனுக்கு ஒரு நாளைக்கு 45 கிராம் புரதம் வேண்டும், 16 முதல் 18க்கு 55. வீட்டுச் சாப்பாட்டில் கூட்டிப் பாருங்கள். காலையில் மூன்று இட்லி, சாம்பார், இரண்டு அவித்த முட்டை: ஏறக்குறைய 20. மதியம் சோறு, கெட்டிப் பருப்பு, தயிர்: 15. சாயங்காலம் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல்: 10. ராத்திரி மூன்று சப்பாத்தி, ஒரு டம்ளர் பால்: 15. மொத்தம் 60. மீன், கோழி எதையும் நான் இன்னும் சேர்க்கவில்லை. காசிமேட்டு நெத்திலியோ மத்தியோ வந்தால் அது தனி வரவு. சைவ வீடு என்றால் முட்டைக்குப் பதில் முளைகட்டிய பாசிப்பயறும் வேர்க்கடலையும். 3,000 ரூபாய்க்கு, முட்டை 7 ரூபாய் என்றாலும், 400க்கு மேல் முட்டை வரும். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் இந்தப் பவுடர்களைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறது.

ஒல்லிப் பிள்ளைகளின் நிஜமான சிக்கல் வேறு: காலையில் சாப்பிடாமல் வேன் ஏறுவது, பதினொரு மணிக்குக் கேன்டீனில் ஒரு பப்ஸ், மதியச் சாப்பாட்டில் பாதி டப்பாவிலேயே திரும்பி வருவது. விளையாட்டு விழா அணிவகுப்பில் மயங்கி விழுகிற பிள்ளையைத் தூக்கி உட்கார வைத்து நான் கேட்கும் முதல் கேள்வி, "காலைல என்ன சாப்பிட்ட?" பத்துக்கு எட்டு முறை பதில், "பசிக்கல சார்." ராத்திரி ஒரு மணிக்கு நூடுல்ஸ் தின்றவனுக்குக் காலை ஏழு மணிக்கு எப்படிப் பசிக்கும்?

ஒல்லியாக இல்லாத பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. கழுத்துப் பின்பக்கமும் அக்குளும் வெல்வெட் மாதிரி கறுத்துத் தடித்திருந்தால், அழுக்கு என்று பீர்க்கங்காய் நாரால் தேய்த்துப் புண்ணாக்காதீர்கள். பெரும்பாலும் அது இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அறிகுறி. மருத்துவரிடம் காட்டி ரத்தச் சர்க்கரை பார்க்க வேண்டும்.

உங்களுக்குப் பெண் பிள்ளையும் இருக்கிறாளா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், அண்ணனுக்கு ஜிம் யோசிக்கிற அதே நாளில் அவளுக்கும் யோசியுங்கள். ஆறாம் வகுப்பில் பையன்களைத் துரத்தித் துரத்தி ஓடின பெண்கள் எட்டாம் வகுப்பில் மைதான ஓரத்து வேப்ப மரத்தடிக்குப் போய்விடுவதை வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன். காரணம் சோம்பல் இல்லை. சரியான உள்ளாடை இல்லை, கழிவறையில் தண்ணீர் இல்லை, மதில் பக்கம் நின்று வேடிக்கை பார்க்கிற கூட்டம். மாதவிடாய் நாளில் விளையாடக் கூடாது என்று ஒன்றும் இல்லை. வலி இருந்தால் ஓய்வு, இல்லையென்றால் ஓடலாம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 100க்கு 59 பேருக்கு ரத்தசோகை. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிற பெண்ணிடம் "ஸ்டாமினா இல்ல" என்று சொல்வதற்கு முன் ஹீமோகுளோபின் பாருங்கள். முருங்கைக்கீரை, கேழ்வரகு, ஈரல், கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்த இரும்புச் சத்து உடம்பில் சரியாகச் சேராது. பள்ளியில் வாரம் ஒரு முறை கொடுக்கிற நீல மாத்திரையைப் பெஞ்சுக்கு அடியில் போடாமல் விழுங்கச் சொல்லுங்கள்.

வலி பற்றியும் இரண்டு வரி. சரசரவென்று வளர்கிற வயதில், குதித்து ஆடுகிற பிள்ளைகளுக்கு முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்து வலிக்கும். பெற்றோர் பயந்துவிடுவார்கள். குதிப்பதைக் குறைத்து ஐஸ் வைத்தால் பெரும்பாலும் அடங்கும், வளர்ச்சி நின்றதும் போய்விடும். ஆனால் ஓடும்போது நெஞ்சு வலித்தாலோ, மயங்கி விழுந்தாலோ, குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருந்தாலோ, ஜிம்முக்கு முன்னால் இதய மருத்துவர்.

இனி தூக்கம். 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகச் சுரப்பது ஆழ்ந்த தூக்கத்தில். பகலில் எடுத்த தண்டாலை உடம்பு சதையாக மாற்றுவதும் அப்போதுதான். ராத்திரி ஒன்றரைக்குப் படுத்து ஐந்தரைக்கு டியூஷனுக்கு எழுகிற பையனுக்கு எந்த ஜிம்மும் பாடி ஏற்றித் தராது. இதில் ஒரு நியாயமும் இருக்கிறது, அதை நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்: பருவ வயதில் மூளையின் தூக்கக் கடிகாரமே ஒன்று, இரண்டு மணி நேரம் தள்ளிப்போகிறது. பத்து மணிக்கு அவனுக்குத் தூக்கம் வராதது திமிர் இல்லை. ஆனால் பன்னிரண்டுக்கு மேலும் வராததற்குக் காரணம் தலையணைக்கு அடியில் இருக்கிறது.

போனைப் பிடுங்கினால் போர்தான் நடக்கும். என் வீட்டில் வேறு மாதிரி செய்தோம். ஹாலில் ஷூ ஸ்டாண்டுக்கு மேலே ஒரு எவர்சில்வர் தட்டு, பக்கத்தில் சார்ஜர். பத்தரைக்கு எல்லார் போனும் அதில். எல்லாரும் என்றால் என் போனும்தான். முதல் வாரம் நான்தான் மூன்று முறை திருட்டுத்தனமாக எடுக்க வந்து மாட்டிக்கொண்டேன், மகள் சிரித்த சிரிப்பு இன்னும் மறக்கவில்லை. எழுப்பத்தான் போன் வேண்டும் என்றால், மூர் மார்க்கெட் பக்கம் போனால் அலாரம் கடிகாரம் கிடைக்கும்.

பரீட்சை முடியட்டும் என்கிற உங்கள் வீட்டுக்காரரிடம் இதைக் காட்டுங்கள்: பகலில் படித்ததை மூளை அடுக்கிவைப்பது தூக்கத்தில்தான். ராத்திரி இரண்டு வரை விழித்துப் படித்தவன் மூன்றாவது நாள் அதே பாடத்தை மறுபடி முதலிலிருந்து எடுக்கிறான். மாடியில் அரை மணி நேரப் பயிற்சிக்காகக் குறையப்போகிற மார்க் எதுவும் இல்லை. அவரும் கூட வந்து நான்கு பஸ்கி போட்டால் இன்னும் நல்லது. பையன் அப்பாவை ஜெயிக்கத்தான் மறுநாள் மாடி ஏறுவான்.

இரண்டு மாதம் கழித்து, தரையில் பத்துத் தண்டால் ஒழுங்காக வந்த பிறகு ஜிம்மில் சேர்த்துவிடுங்கள். மாதா மாதம் பணம் கட்டுங்கள். வருஷச் சந்தாவில் பாதி விலை, இன்றே கடைசி நாள் என்பார்கள். ஜனவரியில் கட்டுகிற கூட்டத்தில் பாதி மார்ச்சில் வராது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.